மென்பொருள் வேலைக்குப் பிறகு மீண்டும் விஞ்ஞானம் படிப்பது: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வருசத்துக்கு மேல் மென்பொருள் துறையில் வேலை செய்தேன். பிறகு சுற்றாடல் விஞ்ஞானத்தில் முதுமாணி முடித்து, இப்போது குடாநாட்டுக் கிணற்று நீரைப் பற்றி ஆய்வுப் பட்டத்துக்குப் படிக்கிறேன். இதைக் கேள்விப்பட்டுப் பழைய அலுவலக நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், சில வேளை அவர்களின் அம்மாமார் கூடத் தொலைபேசி எடுக்கிறார்கள். சந்தேகங்கள் அநேகமாக ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

எனக்கு 36 வயசு. இனிப் போய்க் கம்பஸில படிக்கேலுமோ, அண்ணை?

ஏலும். முதுமாணி, ஆய்வுப் பட்டம் போன்ற பட்டப்பின் படிப்புகளுக்கு முதற்பட்டத்தையும் பெறுபேற்றையும்தான் பார்ப்பார்கள். வகுப்பில் போய் இருந்தால் பக்கத்தில் பாடசாலை ஆசிரியர், நீர் வழங்கல் சபை உத்தியோகத்தர், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர் என்று உங்கள் வயதுக்காரர்களே இருப்பார்கள். சிக்கல் வருகிற இடங்கள் இரண்டு உண்டு: இளமாணிப் பட்டத்துக்கான அரச அனுமதி, படித்து முடித்தபின் அரச வேலை. இரண்டையும் கீழே சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு இது புதிய வழக்கமும் இல்லை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை 1832இல் பிறந்து, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானவர். உத்தியோகத்தில் இருந்துகொண்டே படித்து 1871இல் சட்டப் பட்டமும் எடுத்தார். அப்போது அவருக்கு நாற்பது நெருங்கிவிட்டது.

திரும்ப ஏ.எல். எடுத்து முதலாம் வருசத்தில இருந்து தொடங்கலாமோ?

அரச பல்கலைக்கழகத்துக்கு அந்த வழி ஏறக்குறைய மூடியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றைத் தரப்படுத்திய இசட் புள்ளியை வைத்துத்தான் அனுமதி கொடுக்கிறது. அனுமதிக்குக் கணக்கெடுப்பது மூன்று தடவை எழுதிய பெறுபேறு வரைக்கும்தான். ஏற்கெனவே அரச பல்கலைக்கழகத்தில் பதிந்து படித்தவருக்கு நிபந்தனைகள் இன்னும் இறுக்கம்.

உங்கள் கணக்கில் ஒரு தடவை மிச்சம் இருந்தாலும் நான் அந்தப் பக்கம் போகச் சொல்லமாட்டேன். உயர்தரப் போட்டி என்பது இரண்டு வருசம் ரியூசன் வகுப்பிலேயே குடியிருக்கும் பிள்ளைகளோடு ஓடுவது. அதற்குச் செலவழிக்கும் காலத்தில் பட்டப்பின் படிப்பில் பாதித் தூரம் போய்விடலாம்.

அப்ப முதற்பட்டமே விஞ்ஞானத்தில வேணுமெண்டால் வேற வழியில்லையோ?

இருக்கிறது. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்தில் இயங்குகிறது. அங்கே இயற்கை விஞ்ஞானத்தில் விஞ்ஞானமாணிப் பட்டம் படிக்கலாம். இசட் புள்ளிப் போட்டி இல்லை. பாடத்துக்குப் பாடம் கட்டணம் கட்டிப் படிப்பதால் வேலையில் இருப்பவருக்குத் தோதானது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடச் சித்தி போதாதவர்கள் முதலில் அவர்களின் ஆயத்தப் பாடநெறியை முடித்துவிட்டுப் பட்டத்துக்குப் போகலாம். சில ஆய்வுகூட வகுப்புகளுக்கும் பரீட்சைக்கும் பயணம் செய்யவேண்டி வரலாம், அதைப் பதியும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரசாயனவியல் மட்டும்தான் வேண்டும் என்றால் இராஜகிரியவில் உள்ள இலங்கை இரசாயனவியல் நிறுவனத்தின் பாடநெறி நல்ல பெயர் பெற்றது. 1979இலிருந்து நடக்கிறது. முழுநேரம் கொழும்பில் இருந்து படிக்கவேண்டும், அதுதான் எங்கள் பக்கத்தவருக்குக் கஷ்டம்.

நான் படிச்சது கொம்பியூட்டர் சயன்ஸ். அதை வச்சு கெமிஸ்ட்ரியிலயோ பயோவிலயோ மாஸ்டர்ஸ் செய்யேலுமோ?

பாடத்தைப் பொறுத்தது. தூய இரசாயனவியல், தூய விலங்கியல் முதுமாணிக்கு அதே துறையில் முதற்பட்டம் கேட்பார்கள். சுற்றாடல் விஞ்ஞானம், பிரயோகப் புள்ளிவிபரவியல், உயிர்த்தகவலியல், புவியியல் தகவல் முறைமை போன்ற கலப்புத் துறைகளில் கதவு அகலம். பேராதனையில் 1996இல் தொடங்கிய பட்டப்பின் விஞ்ஞான நிறுவகம் இவற்றில் பலவற்றை வார இறுதி வகுப்புகளாக நடத்துகிறது. வெள்ளி இரவு யாழ்ப்பாணத்தில் கண்டி பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்பி வரும் கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு.

பட்டங்களைத் தரப்படி பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் மட்டங்களைக் கொஞ்சம் விளங்கி வைத்துக்கொண்டால் ஆளுக்கொரு கதை சொல்லும்போது குழம்பமாட்டீர்கள். மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6. பாடநெறி முதுமாணி 9, ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10. முதுதத்துவமாணி (எம்.ஃபில்.) 11, கலாநிதிப் பட்டம் 12. பின்னால் ஆய்வுப் பட்டம் செய்யும் எண்ணம் இருந்தால் ஆய்வுக் கட்டுரை இல்லாத 9ஆம் மட்ட முதுமாணியோடு நின்றுவிடாதீர்கள். பலர் ஒரு வருடத்தில் முடியும் என்று அதை எடுத்துவிட்டு, முதுதத்துவமாணிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் ஆய்வு அனுபவம் போதாது என்று அறிகிறார்கள்.

என்ர டிகிரி பிறைவேற் இன்ஸ்ரிரியூட்டில எடுத்த யூ.கே. டிகிரி. கம்பஸில அதை ஏற்பினமோ?

பட்டத்தைக் கொடுத்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கும் பட்டியலில் இருந்தால் ஏற்பார்கள். நீங்கள் படித்த நிறுவனத்தின் பெயர் முக்கியமில்லை, சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது என்பதே முக்கியம். விண்ணப்பிக்க முதல் ஆணைக்குழுவிடம் அங்கீகாரக் கடிதம் ஒன்று எழுத்தில் எடுத்து வையுங்கள். டிப்ளோமாவோடு நின்றவர்கள் முதலில் பட்டத்தை முடிக்கவேண்டும்.

எந்தப் பாடத்தை எடுக்கிறதெண்டே தெரியேல்ல. எது நல்லம்?

இந்தக் கேள்வி வரும்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களை உறுத்துகிற விசயம் என்ன? பௌதிகவியல் நல்லதா, உயிரியல் நல்லதா என்று பாடத்தின் பெயரில் தொடங்கியவர்கள் இரண்டாம் வருடத்தில் களைத்துப்போவதைக் கண்டிருக்கிறேன். ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் நிற்கிறார்கள். எந்தப் பாடம், எந்த முதுமாணி, யார் மேற்பார்வையாளர் என்பதையெல்லாம் அந்தக் கேள்வியே காட்டித் தரும்.

அப்படியான கேள்விகளுக்குக் குடாநாட்டில் பஞ்சமில்லை. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரிக்குத்தான். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கிய மழைத் தண்ணீர்தான். அந்த நன்னீர் கடல் நீருக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கும் உவர் மேலே ஏறும். கல் முழுக்க வெடிப்பும் பொந்துமாக இருப்பதால் வெங்காயத்துக்குப் போட்ட உரமும் மலசலகூடக் குழிக் கழிவும் வடிகட்டப்படாமலே இறங்கிவிடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எங்கள் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல வருடங்களாகக் காட்டிவருகின்றன. புட்டிப்பால் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் இரத்தம் ஒட்சிசன் காவுவதைக் குறைக்கும். சுன்னாகப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் "எங்கட கிணத்துத் தண்ணி குடிக்கலாமோ?" என்று சனம் கேட்டபோது, உடனே எடுத்துக் காட்டப் பழைய அளவீடுகள் போதிய அளவு இருக்கவில்லை. நான் மென்பொருளை விட்டு இந்தப் பக்கம் வந்ததற்கு அதுதான் காரணம்.

தண்ணீர் பிடிக்காதவருக்கு நுளம்பு இருக்கிறது. இலங்கையில் மலேரியா ஒழிந்தது என்று 2016 செப்ரெம்பரில் சான்றிதழ் கிடைத்தது. அந்த வருடக் கடைசியிலேயே மன்னாரில் அனொபிலிஸ் ஸ்டெபென்சி என்ற புதிய மலேரியா நுளம்பு அகப்பட்டது. நகரத்துக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகக்கூடிய இனம் அது. டெங்கு நுளம்பு உவர் கலந்த நீரிலும் முட்டையிட்டுப் பெருகும் என்பதை உலகுக்குக் காட்டியதில் யாழ்ப்பாணத்து விலங்கியல் ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இவை தவிரச் சூரியக் கலங்கள், களப்பு நண்டு, கடலட்டை, பனை, கண்டல் என்று எவ்வளவோ கிடக்கின்றன.

கணக்கெல்லாம் மறந்துபோச்சு. என்ன செய்யிறது?

வேலையை விட முதலே தொடங்குங்கள். வகையீடு, தொகையீடு, தாயம், நிகழ்தகவு, அடிப்படைப் புள்ளிவிபரவியல் ஆகிய ஐந்தையும் உயர்தர இணைந்த கணிதப் புத்தகத்திலிருந்தே மீட்டலாம். பிறகு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் திறந்த பாடநெறிகளில் முதலாம் வருட நுண்கணிதமும் நேரியல் அட்சரகணிதமும் இலவசமாகக் கிடக்கின்றன. காணொளி பார்த்தால் விளங்கின மாதிரித்தான் இருக்கும். பேனையும் கொப்பியும் எடுத்துக் கணக்குச் செய்தால்தான் கை திரும்பும்.

சுற்றாடல், உயிரியல் பக்கம் போகிறவருக்கு எல்லாவற்றிலும் பெரிய தேவை புள்ளிவிபரவியல். மாதிரி எத்தனை எடுக்கவேண்டும், இரண்டு கிணறுகளுக்கிடையே உள்ள வித்தியாசம் உண்மையானதா, தற்செயலா என்று தீர்மானிக்கத் தெரியாமல் எவ்வளவு நல்ல கோட் எழுதினாலும் பிரயோசனமில்லை.

லாப் வேலை எனக்குச் சரிவருமோ? ஏ.எல்.க்குப் பிறகு ஒரு பிளாஸ்க்கைக் கூடத் தொடேல்ல.

பழகலாம், ஆனால் கை பழக நாள் எடுக்கும். தண்ணீரின் கடினத்தன்மை பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதற்குக் காரணமான கல்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று அளப்பது. கூம்புக் குடுவையில் கிணற்றுத் தண்ணீரை அளந்து ஊற்றி, பி.எச். அளவை 10இல் நிறுத்தும் கரைசல் சேர்த்து, எரியோகுரோம் கறுப்பு என்ற காட்டியைச் சிட்டிகையளவு போட்டால் திராட்சைச் சிவப்பு வரும். பிறகு அளவியிலிருந்து ஈ.டி.ரி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு குடுவையைச் சுழற்றவேண்டும். சிவப்பு மெல்ல ஊதாவாகும். ஊதாவிலிருந்து சிவப்புச் சாயல் முழுக்கப் போய்த் தெளிந்த நீலமாகும் அந்த ஒரு சொட்டில் நிறுத்தவேண்டும். ஒரே தண்ணீரை மூன்று தரம் செய்து மூன்று அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்போதுதான் உங்கள் கையை நீங்கள் நம்பலாம்.

வெளிக்களமும் இப்படித்தான். போத்தலை அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசி, நிரப்பி, கிணற்றின் இலக்கமும் நேரமும் எழுதி, ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து, நைத்திரேற்றை 48 மணித்தியாலத்துக்குள் பார்க்கவேண்டும். மென்பொருளில் பிழைத்தால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். மழை பெய்து முடிந்தபின் அந்த மழைக்கு முந்திய தண்ணீரை யாராலும் எடுக்க முடியாது. ஒக்டோபரில் ஆயத்தமாக இல்லாவிட்டால் அடுத்த மாரி வரை காத்திருக்கவேண்டியதுதான். இரண்டு கிழமைக்கொரு தரம் வேலையை முடித்துக் காட்டிப் பழகியவர்களுக்கு எல்லாவற்றிலும் கஷ்டமானது இந்தக் காத்திருப்புத்தான் என்பது என் அபிப்பிராயம்.

எனக்குக் கோடிங் நல்லாத் தெரியும். அதுக்கு மதிப்பிருக்கோ?

நிறைய. அளவீடுகளைச் சுத்தமான அட்டவணையாக வைப்பது, பைதன், ஆர் (R) போன்ற நிரல் மொழியில் ஒரே கட்டளையில் திரும்பச் செய்யக்கூடிய பகுப்பாய்வு எழுதுவது, எது எப்போது மாறியது என்று பதிவு வைப்பது போன்ற பழக்கங்கள் ஆய்வுகூடங்களில் அரிது. வேறொருவரின் எக்ஸெல் கோப்பில் மாற்றப்பட்ட ஓர் இலக்கத்தைக் கண்டுபிடிக்க வாரக்கணக்காகத் தவிக்கிற இடத்துக்கு நீங்கள் பெரிய உதவி.

ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். உங்களுக்குக் கொம்பியூட்டர் தெரியும் என்று தெரிந்த நாளிலிருந்து "இந்த வரைபைக் கீறித் தாங்கோ", "இந்த இணையத்தளத்தைச் செய்து தாங்கோ" என்று வந்துகொண்டே இருக்கும். எல்லாருக்கும் செய்துகொடுத்தால் ஆய்வுகூடத்தின் மென்பொருள் ஆளாக மாறிவிடுவீர்கள், உங்கள் ஆய்வு கிடப்பில் கிடக்கும். கிழமையில் ஒரு பின்னேரத்தை அதற்கென்று ஒதுக்கி, மற்ற நேரத்தில் மரியாதையாக மறுத்துவிடுங்கள். உங்கள் பகுப்பாய்வு ஒரு கட்டுரையின் முடிவைத் தாங்கி நின்றால் ஆசிரியர் வரிசையில் உங்கள் பெயரும் வரவேண்டும். அதை வேலை தொடங்க முதலே கதைத்து வையுங்கள்.

தமிழில படிக்கலாமோ?

விஞ்ஞானப் பட்டப்படிப்பும் ஆய்வுக் கட்டுரையும் ஆங்கிலத்தில்தான். மென்பொருள் வேலையில் இருந்தவருக்கு வாசிப்பது பிரச்சினையாக இருக்காது, நீளமாக எழுதத்தான் பயிற்சி வேண்டும். ஆனால் கிணற்றுக்காரரோடும் தோட்டக்காரரோடும் கதைப்பது தமிழில். ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கு விளங்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது எங்கள் கடமை. தங்கள் கிணற்றைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள்.

காசுக்கு என்ன செய்யிறது? ஈ.பி.எஃப். காசை எடுக்கலாமோ?

ஊழியர் சேமலாப நிதியத்தை நம்பி வேலையை விடாதீர்கள். படிப்புக்கென்று அதைத் தரமாட்டார்கள். ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும்தான் முழுதாகக் கைக்கு வரும், வேறு சில விசேட காரணங்கள் மட்டும் விதிவிலக்கு. தொழில் தருநர் மாதம் 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியத்தை வேலையை விட்டதும் எடுக்கலாம். பெரிய தொகையாக இராது, ஆனால் பதிவுக் கட்டணத்துக்கும் முதல் தவணைக்கும் உதவும்.

என் அறிவுரை நேரடியானது. லீசிங், கடனட்டை, அடகு மூன்றையும் முதலில் முடியுங்கள். வீட்டுச் செலவுக்கு ஒன்றரை வருசத்துக்காவது காணும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். ஆய்வு உதவியாளர் பதவியோ மானியமோ கிடைத்தால் அது மேலதிகம். மென்பொருள் சம்பளத்தோடு அதை ஒப்பிடவே முடியாது.

வேலையை விடாமப் படிக்கேலாதோ?

வார இறுதி முதுமாணி என்றால் ஏலும், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் படிக்கிறார்கள். 1 திறமைப்புள்ளிக்கு (கிரெடிட்) 50 மணித்தியால உழைப்பு என்று முன்னே சொன்ன தகைமைச் சட்டகம் கணக்கிடுகிறது. ஆய்வோடு கூடிய முதுமாணிக்கு 60 புள்ளி, அதாவது ஆகக் குறைந்தது 3000 மணித்தியாலம். அதை உங்கள் இரவுகளிலும் விடுமுறைகளிலும் எங்கே வைப்பது என்று நாட்காட்டியை விரித்துப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். ஆய்வுப் பட்டம் என்றால் பகுதிநேரப் பதிவு இருந்தாலும் களவேலைக் காலத்தில் முழுநேர வேலை தாங்காது. மாரி மூன்று மாதமும் சம்பளமற்ற விடுமுறை தர நிறுவனம் சம்மதித்தால் பெரிய விசயம்.

இடைக்கிடை வெளிநாட்டு ஒப்பந்த வேலை செய்வது நல்ல ஏற்பாடு. 2025 ஏப்ரலிலிருந்து வங்கி வழியாக வரும் அந்த வருமானத்துக்கும் வரி உண்டு, உச்ச வீதம் 15. அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள்.

எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள். வீட்டில "நல்ல வேலையை விட்டுட்டு இதென்ன கூத்து" எண்டு கேக்கினம். என்னண்டு சொல்லுறது?

தங்கச்சி, இதைக் கேட்கிறவர்களில் பெண்களே அதிகம். ஆண் படிக்கப் போனால் "பாவம், கஷ்டப்பட்டுப் படிக்கிறான்" என்கிற அதே வாய், பெண் போனால் "பிள்ளையளை ஆர் பாக்கிறது" என்கிறது. இது அநியாயம். அதை அநியாயம் என்று வீட்டில் சொல்லவும் வேண்டும்.

வாக்குவாதத்தை விடக் கணக்கு உதவும். முன் பதில்களில் சொன்ன பணக் கணக்கையும் மணித்தியாலக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுக்காரரையும் அம்மாவையும் மாமியையும் ஒன்றாக இருத்திக் காட்டுங்கள். பிள்ளைகளைப் பாடசாலையால் கூட்டிவருவது யார், பரீட்சைக் காலத்தில் சமையல் யார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். "உதவி செய்வம்" என்ற பொதுப் பேச்சு இரண்டாம் மாதமே கரைந்துவிடும். தூரப் பயணம் ஏலாதென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்திலேயே நடக்கும் பட்டப்பின் படிப்புகளை முதலில் பாருங்கள்.

என்னை விட வயசு குறைஞ்ச விரிவுரையாளரை "சேர்" எண்டு கூப்பிடுறதோ?

ஓம். அந்த அறையில் அவர் ஆசிரியர், நீங்கள் மாணவர். கூடப் படிக்கும் பிள்ளைகள் உங்களை அண்ணை, அக்கா என்பார்கள், இரண்டு கிழமையில் பழகிவிடும். அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்த்த கதையைச் சொல்லாமல் இருந்தால் இன்னும் கெதியாகப் பழகும்.

சுப்பவைசரை என்னண்டு தேடுறது? மெயில் போட்டால் பதிலே வருகுதில்ல.

"எனக்கு ஆராய்ச்சியில் ஆர்வம், ஏதாவது தலைப்புத் தாருங்கள்" என்ற கடிதத்துக்குப் பதில் வராது. அவர் கடைசியாக எழுதிய இரண்டு கட்டுரைகளை வாசியுங்கள். விளங்காத இடத்தைக் குறியுங்கள். பிறகு பத்து வரியில் எழுதுங்கள்: உங்கள் கேள்வி என்ன, அவருடைய எந்த வேலையோடு அது தொடுக்கிறது, உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எத்தனை வருடம் ஒதுக்கலாம். ஒரு கிழமையில் பதில் இல்லாவிட்டால் நேரே துறைக்குப் போய் அலுவலகத்தில் நேரம் கேளுங்கள். பரமேஸ்வராச் சந்தியில் இறங்கி நடந்தால் வந்துவிடும் தூரம்தானே. எங்கள் ஊரில் நேரில் போவது தவறாக எடுக்கப்படுவதில்லை.

பதிவு செய்ய முதல் அவரிடம் படித்து முடித்தவர்கள் இரண்டு பேரோடு கதையுங்கள். எவ்வளவு நாளில் முடித்தார்கள், எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் வாசித்துத் திருப்பினார் என்ற இரண்டு கேள்வியும் போதும்.

ஏ.ஐ. வந்து கோடிங் வேலை போகப்போகுது எண்டு பயமாக் கிடக்கு. அதுக்காகப் போகலாமோ?

அந்தப் பயம் ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் போகாதீர்கள். விஞ்ஞானத்திலும் பகுப்பாய்வு வேலையில் அதே கருவிகள் நுழைந்துவிட்டன. கிணற்றடியில் நின்று மாதிரி எடுப்பதற்கும், வந்த இலக்கம் நம்பத்தக்கதா என்று தீர்ப்பதற்கும் ஆள் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த வேலைக்குச் சம்பளம் குறைவு, இடங்களும் குறைவு. முன்னே சொன்ன, உறுத்துகிற கேள்வி இல்லாமல் பயத்தோடு மட்டும் வந்தால் முதல் வறட்சியான ஆறு மாதத்திலேயே மனம் விட்டுப்போகும்.

வெளிநாடு போறது இன்னும் நல்லமில்லையோ? ஜேர்மனியில படிப்பு சும்மா எண்டு சித்தப்பா சொல்லுறார்.

ஜேர்மனியின் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் கட்டணம் இல்லை என்பது சரி. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர் தவணைக்கு 1500 யூரோ கட்டவேண்டும். ஆனால் விசாவுக்கு, வருடச் செலவுக்கென்று 11,904 யூரோவை முடக்கிய கணக்கில் வைத்துக் காட்டச் சொல்கிறார்கள். அதை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் "சும்மா" என்ற சொல் வராது. தவிர, அங்குள்ள முதுமாணி அனுமதி முதற்பட்டத்தோடு பாடம் பொருந்துகிறதா என்று எங்களை விட இறுக்கமாகப் பார்க்கும். கொம்பியூட்டர் பட்டத்தோடு நேரே இரசாயனவியலுக்குப் போவது கடினம், உயிர்த்தகவலியல் பக்கம் வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒரு முதுமாணியும் ஒரு கட்டுரையும் முடித்துவிட்டு, புலமைப்பரிசிலோடு கலாநிதிப் பட்டத்துக்குப் போவதே மேல் என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் பல நாடுகளில் கலாநிதி மாணவருக்குச் சம்பளம் உண்டு.

படிச்சு முடிச்சா என்ன வேலை கிடைக்கும்? லெக்சரர் ஆகலாமோ?

நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு அந்தத் துறையிலேயே முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுச் சிறப்புப் பட்டம் கேட்பதே வழமை. முதுமாணி மூலம் துறை மாறியவருக்கு அந்த வாசல் ஒடுக்கம். இதை முதலே தெரிந்துகொண்டு வாருங்கள். மற்ற இடங்கள்: நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள், நீர்வளச் சபை, கைதடிப் பனை ஆராய்ச்சி நிறுவகம், விவசாய ஆராய்ச்சி நிலையங்கள், ஆய்வுத் திட்டங்களில் ஒப்பந்தப் பதவிகள். அரச பதவிகளின் வயது எல்லை வர்த்தமானி அறிவித்தலில் வரும். நீங்கள் விரும்பும் பதவிக்குக் கடைசியாக வந்த அறிவித்தலை எடுத்து, படித்து முடிக்கும் போது உங்கள் வயது எத்தனை என்று கூட்டிப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்தவரை, துறை மாறியவர்களில் நிம்மதியாக இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள். நீர் மாதிரியமைப்பு, செய்மதிப் படப் பகுப்பாய்வு, நோய்த் தரவு என்று விஞ்ஞானமும் நிரலும் சந்திக்கும் இடங்களில் இரண்டும் தெரிந்தவர் குறைவு.

பட்டம் ஒண்டும் வேண்டாம், ஆராய்ச்சி மட்டும் செய்யேலாதோ?

நல்ல கேள்வி, சிலருக்கு இதுவே சரியான வழி. மழைமானி ஒன்றைக் கூரை மறைக்காத இடத்தில் வைத்துத் தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை மாதமொரு தரம் கயிறு விட்டு அளவுங்கள். மின்கடத்துதிறன் மானி ஒன்று வாங்கினால் உவர் ஏறுவதையும் பின்தொடரலாம். சுண்டிக்குளத்துக்கும் மண்டைதீவுக்கும் வரும் பறவைகளை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையத்தளத்தில் பதியலாம். ஐந்து வருடம் விடாமல் எழுதிய ஒரு கிணற்றின் பதிவு எந்த ஆய்வாளருக்கும் பொக்கிசம்.

பட்டப்பதிவு தேவைப்படுவது ஆய்வுகூடக் கருவிகளுக்கும், வனசீவராசிகள் திணைக்கள அனுமதி வேண்டிய வேலைகளுக்கும், மனிதரின் உடல்நலத் தரவுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எடுக்கவும். உங்கள் கேள்விக்கு இவை வேண்டாமென்றால் வேலையில் இருந்துகொண்டே தொடங்கலாம். பின்னால் படிக்க நினைத்தாலும் அந்தப் பதிவுக் கொப்பியோடு மேற்பார்வையாளரிடம் போகும்போது பத்து வரிக் கடிதம் கூடத் தேவைப்படாது.

போய்ப் பாத்துச் சரிவராட்டித் திரும்ப சொஃப்ட்வெயாருக்கு வரேலுமோ?

வரலாம். ஒன்றிரண்டு வருட இடைவெளியை நேர்முகத்தில் படிப்பு என்று சொன்னால் யாரும் குறையாக எடுப்பதில்லை. மூன்று வருடத்துக்கு மேலானால் கருவிகள் மாறியிருக்கும், சம்பளத்தில் ஒரு படி இறங்கித் தொடங்கவேண்டி வரும். படிக்கும் காலத்திலும் ஏதாவது ஒரு திறந்த மூலத் திட்டத்தில் கை வைத்துக்கொண்டிருங்கள். வேலையை விடும்போது பழைய நிறுவனத்தோடு நல்ல முறையில் பிரிந்து, அனுபவக் கடிதத்தையும் சம்பளப் பத்திரங்களையும் அன்றைக்கே கையில் வாங்கிவிடுங்கள். முதுமாணிப் பாடங்களை முடித்து ஆய்வை விட்டு விலக நேர்ந்தால், அதுவரை எடுத்த திறமைப்புள்ளிகளுக்குப் பட்டப்பின் டிப்ளோமாவாவது தருவார்களா என்று விலகல் கடிதம் கொடுக்க முதல் பதிவாளர் பகுதியில் கேளுங்கள். பல பாடநெறிகளில் அந்த ஏற்பாடு உண்டு.